கவுன்சில் கேம்பை விற்கப் போகிறதாம், மனுவில் கையெழுத்துப் போடலாமா?

இருபிள்ளை_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பெரியவன் இந்த வருஷம்தான் கப் ஸ்கவுட் (சின்னப் பிள்ளைகளுக்கான சாரணர் பிரிவு) முடித்து ட்ரூப்புக்கு (பெரிய பிள்ளைகளின் சாரணர் குழு) மாறினான். பதினொரு வயது. ஜூலையில் முதல் முறையாக நாங்கள் கூட இல்லாமல் ஒரு வாரம் சம்மர் கேம்ப். அந்தப் பதற்றமே இன்னும் அடங்கவில்லை, அதற்குள் ட்ரூப் பெற்றோர் குழுவில் ஒரு இணைய மனு சுற்றுகிறது. எங்கள் கவுன்சிலுக்கு இரண்டு கேம்ப் சொந்தம். அதில் ஏரியோடு இருக்கிற பழைய கேம்பை விற்கப் போகிறார்களாம். பையன் போகப்போவதும் அதே கேம்புக்குத்தான்.

எனக்கு அமெரிக்க ஸ்கவுட் அமைப்பு எப்படி நடக்கிறது என்றே சரியாகத் தெரியாது. கவுன்சில் என்பது யார்? இவ்வளவு பெரிய அமைப்புக்கு எதற்குப் பணக்கஷ்டம்? மனுவில் கையெழுத்துப் போட்டால் ஏதாவது நடக்குமா? வீட்டுக்காரர் வேறு, "விற்கப் போற இடத்தைப் பராமரிப்பானா? அங்க பிள்ளையை அனுப்பலாமா?" என்கிறார்.

முடிச்சுக்காரர்:
வாங்கம்மா. நான் ட்ரூப்பில் ரொம்ப வருஷமாக உதவி ஸ்கவுட்மாஸ்டர். முதலில் கவுன்சில் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமலேயே பிள்ளை ஈகிள் (ஸ்கவுட்டில் மிக உயர்ந்த படி) வாங்கி வெளியே போகிற வரை இருந்துவிடும் பெற்றோர் அதிகம்.

மேலே தேசிய அமைப்பு, டெக்சாஸில். பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்று 1910-லிருந்து இருந்த பெயர், 2025 பிப்ரவரி 8 முதல் ஸ்கவுட்டிங் அமெரிக்கா. அதன் கீழே நாடு முழுக்கச் சுமார் 250 வட்டாரக் கவுன்சில்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிவான லாபநோக்கற்ற நிறுவனம். தனக்கென்று நிர்வாகக் குழு, தன் பெயரில் வங்கிக்கணக்கு, தன் பெயரில் நிலம். உங்கள் பையன் போகிற கேம்ப் டெக்சாஸ்காரர்களுக்குச் சொந்தமில்லை, உங்கள் கவுன்சிலுக்குச் சொந்தம். விற்பதும் வைத்திருப்பதும் அந்தக் குழுவின் முடிவு.

ட்ரூப் மட்டும் கவுன்சிலுக்குச் சொந்தமில்லை. அதை ஒரு தேவாலயமோ, பள்ளிப் பெற்றோர் சங்கமோ, ரோட்டரி கிளப்போ "சார்ட்டர்" எடுத்து நடத்தும். உங்கள் ட்ரூப்பை யார் சார்ட்டர் எடுத்திருக்கிறார்கள் என்று விசாரித்து வையுங்கள். பிறகு தேவைப்படும்.

வரவு_செலவு:
பணக்கஷ்டம் பற்றி நான் சொல்கிறேன். இரண்டு கதை ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கிறது.

முதலாவது உறுப்பினர் எண்ணிக்கை. 2019-ல் சுமார் 19.7 லட்சம் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த வருஷக் கடைசியோடு, ஏராளமான ட்ரூப்புகளை நடத்திவந்த மார்மன் திருச்சபை மொத்தமாக விலகியது. பின்னாலேயே கொரோனா. 2021-ல் 7.62 லட்சம். பிள்ளைகள் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள், ஆனால் கேம்பின் உணவுக்கூடக் கூரை பாதியாகவில்லை, ஏரி அணைக்கட்டைச் சோதித்துச் சான்று வாங்கும் செலவு பாதியாகவில்லை, கழிவுநீர்த் தொட்டி, காப்பீடு, குளிர்காலம் முழுக்க அங்கேயே இருந்து இடத்தைப் பார்த்துக்கொள்ளும் ரேஞ்சரின் சம்பளம் எதுவும் குறையவில்லை. கேம்ப் ஓடுவது வருஷத்தில் ஆறு, ஏழு வாரம். செலவு 52 வாரம்.

இரண்டாவது, பலரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவது. பாலியல் துன்புறுத்தல் வழக்குகள் குவிந்து, தேசிய அமைப்பு 2020 பிப்ரவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. இழப்பீடு கோரியவர்கள் 82,000-க்கும் மேல். 246 கோடி டாலர் இழப்பீட்டு நிதித் திட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கவுன்சில்கள் திவாலாகவில்லை, ஆனால் தங்கள்மீது தனித்தனி வழக்கு வராமலிருக்க எல்லாம் சேர்ந்து 50 கோடி டாலருக்கு மேல் பணமாகவும் சொத்தாகவும் அந்த நிதியில் போட்டன. கையில் ரொக்கம் இல்லாத கவுன்சிலிடம் இருந்தது நிலம்தான்.

நேர்ப்பேச்சு:
அப்படியென்றால் விற்கட்டுமே. துன்பப்பட்டவர்களுக்குப் போக வேண்டிய காசு, அதை மறித்து "காட்டைக் காப்பாற்று" என்று மனுப் போடுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கூடாரம் போட ஸ்டேட் பார்க் இல்லையா? இந்த நாட்டில் காட்டுக்கா பஞ்சம்? ஸ்கவுட்டிங் தொடங்கியதே சொந்த நிலத்தில் இல்லை. பேடன் பவல் 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் இருபது சொச்சம் பையன்களை வைத்து நடத்திய முதல் கேம்ப், இன்னொருவரின் தீவில் இரவல் வாங்கி நடத்தியது. இரண்டு கேம்ப் வைத்துக்கொண்டு இரண்டையும் ஓட்டைக் கூரையோடு நடத்துவதைவிட ஒன்றை உருப்படியாக நடத்தலாம்.

ஏரிக்கரை:
@நேர்ப்பேச்சு, பாதி சரி. ஸ்டேட் பார்க்கில் வார இறுதிக் கேம்ப் நடத்தலாம், எங்கள் ட்ரூப் மாதாமாதம் அப்படித்தான் போகிறது. ஆனால் ஒரு வாரக் கோடைக் கேம்ப் வேறு ஜாதி. என் மகள் பெண்கள் ட்ரூப்பில் இருக்கிறாள் (2019 பிப்ரவரியிலிருந்துதான் பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கதவு திறந்தது). அவளோடு பெரியவர்களில் ஒருத்தியாக நானும் தங்கப் போனதால் சொல்கிறேன்.

ஞாயிறு மதியம் போய் இறங்கியதும் முதலில் மருத்துவப் படிவம் பார்ப்பார்கள். அடுத்து நேரே ஏரிக்கு, நீச்சல் சோதனை. தலைக்குமேல் ஆழமுள்ள தண்ணீரில் கால் முதலில் விழும்படி குதிக்க வேண்டும், 75 கஜம் வலுவான நீச்சல், பிறகு 25 கஜம் மல்லாந்து, நடுவில் ஒரு கூர்மையான திருப்பம், கடைசியில் அசையாமல் மிதந்து காட்ட வேண்டும். தேறினால் "ஸ்விம்மர்". இல்லையென்றால் "பிகினர்" அல்லது "நான் ஸ்விம்மர்", ஆழம் குறைந்த பகுதியோடு சரி. ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய வட்டத் தகடு. தண்ணீரில் இறங்கும்போது ஜோடியோடு போய்ப் பலகையில் தகட்டை மாட்ட வேண்டும், ஏறும்போது எடுக்க வேண்டும். சில நிமிடத்துக்கு ஒருமுறை விசில். ஊதியதும் ஜோடி கை கோத்து நிற்க, எண்ணுவார்கள். எண்ணிக்கை பலகையோடு ஒத்துவந்த பிறகுதான் மறுபடி நீந்தலாம். இந்த ஒழுங்கை ஒரு பொது ஏரிக்கரையில், பக்கத்தில் வேறு குடும்பங்கள் குளித்துக்கொண்டிருக்க, எப்படி நடத்துவீர்கள்?

துப்பாக்கி, வில் பயிற்சிக்கும் அதே சிக்கல். தனி ரேஞ்ச் (சுடுதளம்) வேண்டும், பயிற்சிச் சான்று பெற்ற அதிகாரி வேண்டும். ஸ்டேட் பார்க்கில் பெரும்பாலும் அதற்கு இடம் தர மாட்டார்கள்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் பட்டது கேம்ப் ஊழியர்கள். அவர்களில் பெரும்பாலோர் 15, 16, 18 வயதுப் பிள்ளைகள். மரச்செதுக்கல் சொல்லிக்கொடுத்த பையன் அதே கேம்பில் அதே பெஞ்சில் பத்து, பதினொரு வயதில் உட்கார்ந்து கற்றவனாம். கத்தியையும் கோடரியையும் பிடிக்கத் தெரிந்ததும் கொடுக்கும் டோட்டின் சிப் அட்டை இருக்கிறதல்லவா, விதியை மீறினால் அதன் ஓரத்தை வெட்டிவிடுவார்கள், நாலு ஓரமும் போனால் அட்டையே போச்சு. அவன் தன் பழைய அட்டையை எடுத்துக் காட்டினான், மூன்று ஓரம் இல்லை. பிள்ளைகள் அவன் சொன்னதை அப்புறம் ஒரு வார்த்தை தட்டவில்லை. இந்தச் சங்கிலி இடம் மாறினால் அறும். கேம்ப் விற்கப்பட்ட இடங்களில் முதலில் காணாமல் போவது ஊழியர்கள்தான், ஏரி அங்கேயேதான் இருக்கும்.

நேர்ப்பேச்சு:
துப்பாக்கி ரேஞ்ச் இல்லாமல் என் பிள்ளை வளர்ந்துவிடுவான், அது பரவாயில்லை. நீச்சல் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு கேம்பில் ஒன்று போனால் இன்னொன்றில் இதே ஏரி, இதே விசில் இருக்காதா?

ஏரிக்கரை:
இருந்தால் சண்டையே இல்லை. பல கவுன்சில்களில் "மிச்சம் வைக்கிற" கேம்ப் கப் ஸ்கவுட் பகல் கேம்புக்காகக் கட்டியது, நீச்சல் குளம் மட்டும் இருக்கும், நகரத்துக்குப் பக்கம். விற்கிறது பெரிய நிலம், ஏனென்றால் அதற்குத்தான் விலை. எது மிஞ்சுகிறது என்று கேட்காமல் எது போகிறது என்று மட்டும் பேசுவதில் பயனில்லை.

யாழ்_டொரண்டோ:
இஞ்ச கனடாவிலயும் இதே கதைதான், முகாம் காணி விக்கிற கதை வந்தால் ஆக்கள் ரெண்டாப் பிரிஞ்சு நிப்பினம். நான் யாழ்ப்பாணத்தில படிக்கேக்க சாரணரா இருந்தனான். எங்களுக்குச் சொந்தக் காணி எண்டு ஒண்டும் இல்லை, பள்ளிக்கூட மைதானத்தில தடியும் கயிறும் வச்சு எல்லாம் கட்டினனாங்கள். அதாலதான் எனக்கு நேர்ப்பேச்சு சொல்லுறது விளங்குது. ஆனா அங்க எங்கட ஆசிரியரே ஒவ்வொரு நாளும் பக்கத்தில இருந்தவர். இஞ்ச பிள்ளைக்கு ட்ரூப் கூட்டம் கிழமைக்கு ஒருக்கா ஒண்டரை மணித்தியாலம். அந்த ஒரு கிழமை முகாம்தான் மிச்சம் எல்லாத்தையும் சேர்த்துத் தாறது.

இருபிள்ளை_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. ஆனால் வரவு_செலவு சொன்ன 82,000 என்ற எண்ணைப் படித்துவிட்டு எனக்கு விற்பனைக் கவலையே போய்விட்டது, வேறு கவலை வந்துவிட்டது. நேராகக் கேட்கிறேன்: இப்போது என்ன மாறியிருக்கிறது? கூடாரத்தில் அவனோடு யார் படுப்பார்கள்?

முடிச்சுக்காரர்:
கேட்க வேண்டிய கேள்விம்மா, கூச்சப்படாமல் ஸ்கவுட்மாஸ்டரிடமும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிறவர் ட்ரூப் நடத்தத் தகுதியில்லாதவர்.

கூடாரத்தில் பெரியவர் யாரும் படுக்க முடியாது. பிள்ளைகள் பிள்ளைகளோடு, இருவருக்குள் வயது வித்தியாசம் இரண்டு வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. ஆணும் பெண்ணும் தனித்தனி. எந்த நடவடிக்கையிலும் 21 வயது தாண்டிய, பதிவு செய்த பெரியவர்கள் குறைந்தது இருவர். பெண் பிள்ளைகள் இருந்தால் அதில் ஒருவராவது பெண். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியே இருக்கக் கூடாது, தனியே குறுஞ்செய்தி அனுப்புவதும் இதில் சேர்த்தி. 2023 செப்டம்பர் 1 முதல் இரவு தங்குகிற எந்தப் பெரியவரும், அப்பா அம்மாவே ஆனாலும், பின்னணிச் சோதனை முடித்துத் தலைவராகப் பதிவு செய்திருக்க வேண்டும். "ஒரு ராத்திரி வந்து பார்த்துட்டுப் போறேன்" என்பது இப்போது நடக்காது. உங்கள் வீட்டுக்காரர் தங்க விரும்பினால் இப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள், பாதுகாப்புப் பயிற்சி இணையத்திலேயே எடுக்கலாம்.

விதி தாளில் இருப்பது வேறு, நடப்பது வேறு. கேம்புக்குப் போய் வந்த மற்றப் பிள்ளைகளிடம் சும்மா பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள்: "யார் ராத்திரி ரவுண்டு வந்தாங்க? டாக்டரம்மா அறைக்கு யாரோட போனீங்க?" என்று. பிள்ளைகள் சொல்வதிலேயே ட்ரூப்பின் லட்சணம் தெரிந்துவிடும்.

பராமரிப்பு பற்றி வீட்டுக்காரர் கேட்டதற்கு: விற்பனைப் பேச்சு நடக்கிற கேம்பும் அந்தக் கோடையில் திறக்க வேண்டுமென்றால் தேசிய அமைப்பின் கேம்ப் தரநிலைகளில் தேறியே ஆக வேண்டும். பெயிண்ட் உரிந்திருக்கலாம், உயிர்காக்கும் ஆட்கள் குறையக் கூடாது.

சும்மா_வந்தவன்:
கேம்ப் சாப்பாடு சைவம் கிடைக்குமா? தலைப்புக்குச் சம்பந்தமில்லை, தெரியும்.

ஏரிக்கரை:
கிடைக்கும், ஆனால் முன்கூட்டியே உணவுப் படிவம் கொடுத்திருக்க வேண்டும். அங்கே போய்ச் சொன்னால் ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும்தான். முறுக்கு கட்டிக் கொடுத்து விடுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், கூடாரத்துக்குள் தின்பண்டம், பற்பசை, வாசனை சோப்பு எதுவும் வைக்கக் கூடாது. கரடி நடமாடும் இடத்தில் அது விளையாட்டில்லை, கரடி இல்லாத இடத்தில் அணிலும் ரக்கூனும் பையைக் கிழித்துவிடும்.

வரவு_செலவு:
மனு விஷயத்துக்கு வருவோம். இணைய மனுவால் ஒரு நிர்வாகக் குழு மனம் மாறியதை நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போடுகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கவுன்சிலிலேயே இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

வெளியில் தெரிந்த இரண்டு சம்பவம் சொல்கிறேன். மிச்சிகனில் ஓவசிப்பி என்ற கேம்ப், 1911-ல் தொடங்கியது, நாட்டின் மிகப் பழைய ஸ்கவுட் கேம்புகளில் ஒன்று, சிகாகோ கவுன்சிலுக்குச் சொந்தம். 2000-க்குப் பின் அதைக் கட்டுமான நிறுவனத்துக்கு விற்கப் பார்த்தார்கள். நிலப் பயன்பாட்டை மாற்றித் தர உள்ளூர் டவுன்ஷிப் (ஊராட்சி) மறுத்தது, கவுன்சில் வழக்குப் போட்டது, நீதிமன்றம் டவுன்ஷிப் பக்கம் நின்றது. அங்கே விற்பனையைத் தடுத்தது நிலச் சட்டம். கனெக்டிகட்டில் டீர் லேக் கேம்பை 2022-ல் விற்றே விட்டார்கள், ஆனால் அதைக் காட்டாகவே வைத்திருக்க விரும்பிய உள்ளூர்க்காரர்களின் அமைப்பு நிதி திரட்டி வாங்கிவிட்டது. அங்கே காப்பாற்றியது காசு. இரண்டிலும் வெறும் கையெழுத்து எதையும் நிறுத்தவில்லை.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. நிலத்தை வைத்துக்கொண்டு, அதில் வீடு கட்டும் உரிமையை மட்டும் ஒரு நில அறக்கட்டளைக்கோ மாநில அரசுக்கோ விற்றுவிடலாம். காடு என்றைக்கும் காடாகவே இருக்கும், கவுன்சிலுக்கு ஒரு தொகை வரும், கேம்பும் நடக்கும். முழு விலை கிடைக்காது. அதனால் நிர்வாகக் குழுக்கள் இதைக் கடைசியில்தான் யோசிக்கின்றன, யாராவது கேட்டால் ஒழிய.

நேர்ப்பேச்சு:
"யாராவது கேட்டால்" என்கிறீர்கள். எங்கே கேட்பது? கவுன்சில் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டால் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வரும்.

முடிச்சுக்காரர்:
இதற்காகத்தான் முதலிலேயே யார் சார்ட்டர் எடுத்தது என்று விசாரிக்கச் சொன்னேன்.

ஒவ்வொரு சார்ட்டர் அமைப்பும் ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும், சி.ஓ.ஆர். என்பார்கள். பெரியவர்களின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறவர் என்ற அளவில்தான் பெரும்பாலான ட்ரூப்பில் அவரைத் தெரியும். ஆனால் அவர் கவுன்சிலின் வாக்குரிமை உள்ள உறுப்பினர். ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பது அவர்களும், கவுன்சில் சேர்த்துக்கொள்ளும் பொது உறுப்பினர்களும்தான். பெற்றோருக்கு ஓட்டு இல்லை, ஸ்கவுட்மாஸ்டருக்கு ஓட்டு இல்லை, எனக்கும் இல்லை. சம்பளம் வாங்கும் ஸ்கவுட் எக்சிகியூட்டிவை (கவுன்சிலின் தலைமை நிர்வாகி) வைப்பதும் நீக்குவதும் அந்தக் குழு, கேம்பை விற்பதும் அந்தக் குழு.

நடைமுறையில் என்ன ஆகிறது? ஆண்டுக் கூட்டம் என்றால் விருது கொடுக்கும் விருந்து என்று நினைத்து சி.ஓ.ஆர்.கள் வருவதில்லை. நியமனக் குழு கொடுத்த பட்டியலை வந்த நாலு பேர் கைதூக்கி ஏற்றுக்கொள்வார்கள். அடுத்த வருஷம் கேம்ப் விற்பனைக்கு வரும்போது எல்லாரும் "கவுன்சில் நம்மைக் கேட்கவில்லை" என்பார்கள். ஓட்டு உள்ளவரை அனுப்பாமல் விட்டது நாம்தானே? நம் தமிழ்ச் சங்கங்களும் கோயில்களும் ட்ரூப் நடத்துகிற இடங்களில் இந்தப் பதவியை யாராவது பெரியவர் பெயரில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்த ஒரு பெயருக்கு ஓட்டு இருக்கிறது என்று சங்கத் தலைவருக்கே தெரியாது.

யாழ்_டொரண்டோ:
எங்கட சங்கங்களில தேர்தலுக்கு அடிபடுற அடிக்கு, இந்த ஓட்டு இருக்கெண்டு தெரிஞ்சால் வரிசையில நிப்பினம்.

இருபிள்ளை_அம்மா:
விசாரித்துவிட்டேன். எங்கள் ட்ரூப்புக்குச் சார்ட்டர் எடுத்திருப்பது பக்கத்துத் தேவாலயம். சி.ஓ.ஆர். அந்தச் சபையின் ஒரு தாத்தா, எழுபதுக்கு மேல். அவரிடம் நானே போய்ப் பேசினேன். மனு பற்றி அவருக்குத் தெரியாது, ஆண்டுக் கூட்டத்துக்குப் போனதே இல்லையாம். அழைப்புக் கடிதம் வருமாம், அதை எடுத்து வைப்பாராம். ஓட்டு உண்டு என்றதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் மகன் அந்த ஏரியில்தான் நீந்தக் கற்றானாம். இந்தத் தடவை போகிறேன், என்ன கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடு என்கிறார். சொல்லுங்கள், எழுதிக் கொடுக்கிறேன்.

வரவு_செலவு:
அருமை. "ஏன் விற்கிறீர்கள்" என்று கேட்கச் சொல்லாதீர்கள், அதற்கு அழகான விளக்கப்படம் தயாராக வைத்திருப்பார்கள். அந்த நிலம் எப்படி வந்தது என்று கேட்கச் சொல்லுங்கள்: யாராவது தானமாகக் கொடுத்ததா, பத்திரத்தில் "இளைஞர் முகாமுக்கு மட்டும்" என்ற நிபந்தனை உண்டா? இருந்தால் நினைத்தபடி விற்க முடியாது, மாநில அட்டர்னி ஜெனரல் வரை போகிற விஷயம். வருகிற பணம் எங்கே போகும் என்பது அடுத்தது. மூலதன நிதியில் போட்டு வட்டியில் மற்றக் கேம்பை நடத்துவது ஒன்று, இந்த வருஷச் சம்பளப் பற்றாக்குறையை அடைப்பது இன்னொன்று. பின்னதைச் செய்கிற கவுன்சில் சில வருஷத்தில் அடுத்த கேம்பையும் விற்கும். கட்டுமான உரிமையை மட்டும் விற்கிற வழியைப் பார்த்தீர்களா, யாரிடம் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்கு முன் கவுன்சிலின் 990 படிவத்தை இணையத்தில் எடுத்துப் படியுங்கள். லாபநோக்கற்ற நிறுவனங்கள் வருமான வரித்துறைக்கு வருஷாவருஷம் கொடுப்பது, யாரும் பார்க்கலாம். மொத்த வருமானத்தில் கேம்ப் கட்டணம் எவ்வளவு, நன்கொடை எவ்வளவு, மூலதன நிதி ஏறுகிறதா இறங்குகிறதா, எல்லாம் அதில் இருக்கும். மூன்று, நான்கு வருஷத்துப் படிவங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நேர்ப்பேச்சு:
இழப்பீட்டு நிதிக்குத் தங்கள் பங்கை ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டார்களா என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். கட்டவில்லை, அதற்காகத்தான் விற்கிறோம் என்றால் நான் விற்பனைக்கு ஆதரவு, ஏரி எவ்வளவு அழகாக இருந்தாலும். கட்டி முடித்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்லி விற்கிறார்கள் என்றால் உங்கள் மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.

இருபிள்ளை_அம்மா:
நியாயமான கேள்வி. அதையே முதலில் எழுதியிருக்கிறேன். கூட்டத்துக்குத் தாத்தாவை நான்தான் காரில் கூட்டிப் போகிறேன், ஓட்டு இல்லாவிட்டாலும் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார்கள்.

இன்னொன்று, மருத்துவப் படிவத்தில் ஏ, பி நாங்களே நிரப்பிவிட்டோம். சி பக்கம் டாக்டர் கையெழுத்து வேண்டுமாம். போன வருஷம் பள்ளி விளையாட்டுக்கு எடுத்த படிவத்தைக் கொடுத்தால் போதாதா?

முடிச்சுக்காரர்:
போதாதும்மா. 72 மணி நேரத்துக்கு மேல் போகிற கேம்புக்கு ஸ்கவுட் படிவத்திலேயே சி பக்கம் வேண்டும், 12 மாதத்துக்குள் பரிசோதித்ததாக இருக்க வேண்டும். ஜூன் மாதம் எல்லாக் குழந்தை மருத்துவரிடமும் இதற்கே கூட்டம், இப்போதே நேரம் வாங்கிவிடுங்கள். ஒரு நகல் வீட்டில் வைத்துக்கொண்டு ஒன்றை ட்ரூப்புக்குக் கொடுங்கள்.